ரெசிடென்ட் ஈவில் 7: தொடரைக் காப்பாற்றியதா, கைவிட்டதா?

பச்சைமூலிகை:

வேறொரு திரியில் "ரெசிடென்ட் ஈவில் 7 நல்ல பேய்வீட்டு கேம்தான், ஆனால் அது ரெசிடென்ட் ஈவில் இல்லை" என்று ஒருவர் எழுதப்போக, வரிசையாக எல்லோரும் ஆமாம் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கேப்காம் நிறுவனத்தின் இந்தத் திகில் வீடியோ கேம் தொடரில், 1996-இல் வந்த முதல் பாகத்தில் எது நம்மைப் பிடித்து உட்கார வைத்ததோ, அதை இருபது வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தது 7-ஆம் பாகம்தான் என்பது என் கட்சி. கதை முழுக்கப் பேசப்போகிறோம், இன்னும் விளையாடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6-ஆம் பாகம் தொடரை எந்த நிலையில் விட்டுப்போனது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். 2012-இல் வந்தது. லியான், கிறிஸ், ஜேக், ஏடா என்று நான்கு பேருக்கு நான்கு கதைகள், அமெரிக்கா, ஐரோப்பா, சீனா என்று பாய்ச்சல், விமானம் விழுகிறது, கட்டடம் இடிகிறது, தோட்டா தீர்ந்தால் கையாலேயே ஜாம்பியை அடித்துப் போடலாம். கேப்காம் 70 லட்சம் பிரதிகள் போகும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு அந்த இலக்கைத் தானே குறைத்துக்கொண்டது. எனக்கு விற்பனை பெரிதில்லை. அந்த கேம் முழுக்க ஒரு கதவைத் திறக்க எங்கேயும் தயங்கியதில்லை, அதுதான் எனக்கு வலித்தது.

2017 ஜனவரியில் வந்த 7-ஆம் பாகத்தில் இயக்குநர் கோஷி நாகானிஷியும் அவர் குழுவும் முதல் பாதி முழுவதையும் ஒரே வளாகத்துக்குள் அடக்கினார்கள். லூசியானா மாநிலத்தில் டல்வி என்ற கற்பனை ஊர், சதுப்பு நிலத்தை ஒட்டி பேக்கர் குடும்பத்தின் பழைய வீடு. மூன்று வருடமாகக் காணாமல்போன மனைவி மியாவிடமிருந்து செய்தி வந்ததும் கிளம்பிப் போகிற ஈதன் வின்டர்ஸ் போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. கதவில் தேள் சின்னம் இருக்கும், அந்தச் சாவி கையில் கிடைக்கும் வரை அந்தக் கதவு மனசிலேயே உட்கார்ந்திருக்கும். ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் ரூமுக்குள் நுழைந்து அந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் மூச்சு வரும், ஐட்டம் பாக்ஸ் முன்னால் நின்று எதை வைத்துவிட்டு எதை எடுத்துப் போவது என்று குழம்புவோம். இது ரெசிடென்ட் ஈவில் இல்லை என்றால் வேறு எதுதான் ரெசிடென்ட் ஈவில்?

கடைசித்தோட்டா:

ப்ரோ, அந்தத் திரியில் ஆமாம் போட்டவர்களில் நானும் ஒருவன். இந்தத் தொடரைத் தலைகீழாக மாற்றிய கேம் ஒன்றுதான், அது 2005-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கு வந்த 4-ஆம் பாகம். அதற்கு முன்னால் கேமரா ஒரு மூலையில் அசையாமல் நிற்கும், நாம் டாங்கி ஓட்டுவதுபோல ஆளைத் திருப்புவோம். அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமி அதைத் தூக்கிப்போட்டுவிட்டு கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார். அதற்கப்புறம் கியர்ஸ் ஆஃப் வார், டெட் ஸ்பேஸ் என்று எத்தனை கேம்கள் அந்தத் தோளுக்குப் பின்னாலேயே வந்து நின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த முதல் கிராமத்தை மறக்க முடியுமா? வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தி அலமாரியை நகர்த்தி அடைத்தால், அவர்கள் வெளியே ஏணி சாத்தி மாடி ஜன்னல் வழியாக ஏறி வருவார்கள், நாம் ஓடிப்போய் ஏணியைத் தள்ளிவிடலாம், அதற்குள் கீழே சங்கிலி ரம்பம் உறுமும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது தேவாலய மணி அடிக்கும், கொல்ல வந்த அத்தனை பேரும் நம்மை அப்படியே விட்டுவிட்டு நடந்து போவார்கள். இதற்கு முன் எந்த கேமிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

7 என்ன புதிதாகச் செய்தது? ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வையில், அதாவது பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்தபடி, இருட்டு வீட்டுக்குள் ஒளிந்து ஓடுவதை 2010-இல் அம்னீஷியா என்ற கேம் செய்துவிட்டது, 2013-இல் அவுட்லாஸ்ட் செய்துவிட்டது. 2014-இல் ஹிடியோ கோஜிமாவின் பி.டி. டெமோ வந்து உலகமே அதைப் பற்றிப் பேசியது, அது முன்னோட்டமாக இருந்த சைலன்ட் ஹில்ஸ் கேம் அடுத்த வருடமே ரத்தானது. அந்த வெற்றிடத்தில் கேப்காம் தன் பெயரை ஒட்டி ஒரு கேமை வைத்தது. 4 வழி காட்டியது, 7 போன வழியில் போனது.

டைப்ரைட்டர்:

முதல் பாகம் வந்த காலத்திலிருந்து இந்தத் தொடரோடு இருப்பவன் நான். ஃபர்ஸ்ட் பெர்சன் இந்தத் தொடருக்கு அந்நியம் என்கிற பேச்சே எனக்குப் புரியவில்லை. 2000-இல் இதே தொடரின் கிளையாக வந்த சர்வைவர் முழுக்க ஃபர்ஸ்ட் பெர்சன்தான், நன்றாக இல்லை என்பது வேறு கதை. முதல் பாகத்தையே ஆரம்பத்தில் அந்தப் பார்வையில்தான் யோசித்தார்கள், பிறகுதான் வரைந்து வைத்த பின்னணிக்கும் நிலையான கேமராவுக்கும் போனார்கள். அதற்கும் மூலம் 1989-இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு கேப்காம் வெளியிட்ட ஸ்வீட் ஹோம்: ஒரு மாளிகை, குறைவான பொருள், கதவு திறக்கும்போது திரையில் அந்தக் கதவே திறப்பதைக் காட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. ஆக இந்தத் தொடரின் வேர் வீடுதான். கேமரா அந்தந்தக் காலத்து வசதிக்கு ஏற்ப வந்து போகிற விஷயம்.

ஷாட்கன் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் சுவரில் மாட்டியிருக்கும் ஷாட்கனை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பக்கத்து அறையில் கதவு பூட்டிக்கொண்டு கூரை இறங்கும். வேறோர் இடத்தில் கிடக்கும் உடைந்த ஷாட்கனைக் கொண்டுவந்து அந்த இடத்தில் மாட்டினால்தான் நல்லதை நிம்மதியாக எடுத்துப் போக முடியும். பேக்கர் வீட்டில் ஒரு சிலையின் கையில் ஷாட்கன் இருக்கிறது. எடுத்ததும் கதவு மூடிக்கொள்ளும், திரும்ப வைத்தால் திறக்கும். தேள் சாவியால் பாட்டியின் அறையைத் திறந்தால் அங்கே உடைந்த ஷாட்கன் ஒன்று கிடைக்கும். நான் அதைக் கையில் எடுத்த நொடியில் அடுத்து எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. முதல் பாகத்தை விளையாடாதவருக்கும் அந்தப் புதிர் புரியும், விளையாடியவருக்கு அது கூடுதலாக இன்னொன்றையும் கொடுக்கும். மரபைத் தெரிந்தவர்கள் செய்த கேம் இது.

கடைசித்தோட்டா:

பழைய புதிரைத் திரும்ப வைத்தால் பழைய ரசிகர்களுக்கு இனிக்கத்தான் செய்யும். அதைப் புதுப்பித்தல் என்று எப்படிச் சொல்வது, அது நினைவூட்டல். சரி, அதை விடுங்கள், கேமையே பார்ப்போம்.

எதிரிகள் எத்தனை வகை? பேக்கர் குடும்பத்தையும் பூச்சிகளையும் விட்டால் பூஞ்சையில் முளைத்த மோல்டட் என்கிற கறுப்பு உருவம் மட்டும்தான். சாதாரணமாக ஒன்று, ஒரு கை மட்டும் கத்திபோல வளர்ந்த ஒன்று, நாலு காலில் ஓடும் ஒன்று, குண்டாக வாந்தி எடுக்கும் ஒன்று. நான்கும் பார்க்க ஒரே பொருளின் நான்கு அளவுகள். முதல் பாகத்திலேயே ஜாம்பி, நாய், காகம், பாம்பு, ஹன்டர், சிலந்தி, டைரன்ட் என்று இருந்தது, அதுவும் 1996-இல்.

அப்புறம் அந்தக் கப்பல். பேக்கர் வீட்டை விட்டு வெளியே வந்ததும் கேமின் சத்தே இறங்கிவிடுகிறது. தொற்றை முறிக்கும் சீரம் யாருக்கு, மியாவுக்கா பேக்கர் வீட்டு மகள் ஸோயிக்கா என்று பெரிதாக ஒரு தேர்வைக் கொடுக்கிறார்கள், ஸோயியைத் தேர்ந்தெடுத்தாலும் கதை கொஞ்ச நேரத்தில் அதே கப்பலுக்குத்தான் வந்து சேர்கிறது. கப்பலில் மேல்தளம் கீழ்த்தளம் என்று மியாவாக அலைகிறோம், அதன்பின் உப்புச் சுரங்கம், அங்கே கையில் இயந்திரத் துப்பாக்கி, வரிசையாக மோல்டட், சுட்டுத்தள்ளிக்கொண்டே போகிறோம். கடைசி பாஸ் சண்டையில் பெரிய முகத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தால் போதும், ஒரு கட்டத்தில் கேமே ஒரு துப்பாக்கியைக் கொடுத்து முடித்துவைக்கிறது. 6-ஐத் திட்டுகிற அதே வாயால் இதை எப்படிப் புகழ்கிறீர்கள்?

நள்ளிரவுக்காரன்:

கப்பல் பற்றிச் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்வேன். ஆனால் அம்னீஷியா, அவுட்லாஸ்ட் வரிசையில் இதை நிறுத்தியது சரியில்லை. அவற்றில் நம் கையில் ஆயுதமே கிடையாது, ஓடு, ஒளி, அவ்வளவுதான். இங்கே துப்பாக்கி இருக்கிறது, தோட்டாவும் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கையில். வேதித் திரவத்தை மூலிகையோடு கலந்தால் மருந்து, வெடிமருந்தோடு கலந்தால் தோட்டா. ஒரு புட்டி மட்டும் இருக்கும்போது காயத்துக்கா துப்பாக்கிக்கா என்று நின்று யோசிக்க வைப்பது அவுட்லாஸ்ட்டில் எங்கே இருக்கிறது?

நான் இதைத் தலையில் மாட்டிக்கொள்ளும் பிளேஸ்டேஷன் விஆரில் விளையாடினேன். கேம் முழுவதையும் அந்தக் கருவியில் ஆரம்பம் முதல் முடிவு வரை விளையாடலாம், அந்த நேரத்தில் இவ்வளவு பெரிய தொடரில் வேறு யாரும் அப்படித் துணியவில்லை. அதில் கதவுகள் எப்படி இருக்கின்றன என்று சொல்கிறேன். பட்டனை அழுத்தினால் கதவு கொஞ்சம் மட்டும் விலகும், மீதியை நாமே உடம்பால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அந்த இடுக்கில் முகத்தை நுழைத்து எட்டிப் பார்க்கலாம். பழைய பாகங்களில் கதவு திறக்கிற காட்சி வந்தபோது உள்ளே என்ன இருக்குமோ என்று காத்திருப்போம், அந்தக் காத்திருப்பின் நீளத்தை கேம் முடிவு செய்தது. இங்கே நான் முடிவு செய்கிறேன், அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

சக்கர நாற்காலியில் அந்தப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலையில் தலை சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அப்புறம் வீட்டில் திரும்பி வரும்போது நடைபாதையில் இருப்பாள், இன்னொரு தடவை மாடியில். ஒன்றும் செய்யமாட்டாள், பக்கத்தில் போய் நின்றாலும் ஒன்றும் நடக்காது. சுடலாமா என்று தோன்றும், அப்புறம் மனசு வராது. கடைசியில் அவள்தான் இந்தக் கொடுமைக்கெல்லாம் மூலமான ஈவ்லின் என்று தெரியும்போது அத்தனை நேரமும் அவள் எங்கெங்கே இருந்தாள் என்று எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வரும். தோளுக்குப் பின்னால் கேமரா இருந்திருந்தால் அவளை நான் கடந்து போயிருப்பேன். கண்ணுக்கு நேராக இருந்ததால்தான் கடக்க முடியவில்லை.

ராக்கூன்வாசி:

எனக்குக் கேமராவில் தகராறு இல்லை, எதிரி வகையிலும் இல்லை. எனக்கு மனிதர்கள் வேண்டும். ஜில், கிறிஸ், லியான், கிளேர், வெஸ்கர், இவர்களோடு வளர்ந்த தொடர் இது. 7-இல் ஈதன் என்று ஒருவர், முகத்தைக்கூடக் காட்டமாட்டேன் என்கிறார்கள். சொந்த மனைவி சங்கிலி ரம்பத்தால் கையை வெட்டுகிறாள், அந்தக் கையை ஸ்டேப்ளர் அடித்து ஒட்டிவிடுகிறார்கள், அதற்கப்புறம் ஈதன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்பிரெல்லா நிறுவனம், ராக்கூன் சிட்டி, வைரஸ் என்று இருபது வருடமாகக் கட்டிய கதையில் ஒன்றிரண்டு குறிப்புகள் மட்டும் சுவரில் மாட்டிய படத்திலும் துண்டுக் காகிதத்திலும் வந்து போகின்றன. முடிவில் ஹெலிகாப்டரில் கிறிஸ் என்று ஒருவர் இறங்குகிறார், பெயரைச் சொல்லாவிட்டால் எனக்கு அடையாளமே தெரிந்திருக்காது. அதற்கு விளக்கமாக நாட் எ ஹீரோ என்ற கூடுதல் பகுதியை அந்த வருடம் டிசம்பரில் இலவசமாகக் கொடுத்தார்கள், இலவசம் என்பதற்காக நன்றி, ஆனால் அது கேமிலேயே இருந்திருக்க வேண்டியது.

பச்சைமூலிகை:

ராக்கூன்வாசி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் லியான் அந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தால் பயமே வந்திருக்காது. 4-இல் ஊரையே ஒற்றை ஆளாகச் சமாளித்தவர் பேக்கர் குடும்பத் தலைவர் ஜாக்கைப் பார்த்து ஓடுவாரா? கேரேஜ் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரரிடம் ஜன்னல் வழியாகத் துப்பாக்கி கேட்டால் ஒரு சின்னக் கத்தியைக் கொடுப்பார். கேரேஜுக்குள் அவரைப் பார்க்கும்போது பின்னால் வந்து மண்வெட்டியால் தலையைப் பிளந்துவிடுவார் ஜாக். நம்மிடம் ஒரு கார், சாவி எங்கேயோ கிடக்கிறது. சாவியை எடுத்து உட்கார்ந்தால் ஜாக்கை இடித்து இடித்துச் சுவரில் நசுக்கலாம், நாம் தாமதித்தால் அவரே உள்ளே உட்கார்ந்து நம்மை இடிப்பார். துப்பாக்கி பிடிக்கப் பழகாத ஒருவனின் சண்டை அது. அதற்கு ஈதன்தான் சரியான ஆள்.

கடைசித்தோட்டா, புதிதாக என்ன செய்தது என்று கேட்டீர்கள். வீட்டில் கிடைக்கும் வீடியோ டேப்பைச் சொல்கிறேன், அதைப் போட்டால் அதில் பதிவான ஆளாகவே நாம் விளையாடுவோம். எல்லா டேப்பும் இல்லை, ஹேப்பி பர்த்டே டேப். ஒளிப்பதிவாளர் கிளான்சியாக நாம் பேக்கர் வீட்டு மகன் லூகாஸின் அறைக்குள் மாட்டிக்கொள்கிறோம். மெழுகுவர்த்தியைக் கேக்கில் வைத்து ஏற்றவேண்டும், அதற்கு ஒவ்வொன்றாகப் புதிரை அவிழ்க்கவேண்டும். ஒரு பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினால் உள்ளிருந்து எண்ணெய் தரையில் பரவுகிறது, அது அப்போது பெரிதாகத் தெரியாது. பொம்மை நம் கையில் ஒரு சொல்லைக் கீறுகிறது, அதுதான் கடவுச்சொல். கடைசியில் கேக் வெடிக்கிறது, தரையில் இருந்த எண்ணெயில் தீ பிடிக்கிறது, கிளான்சி எரிந்து சாகிறார். அப்புறம் அதே அறைக்குள் ஈதனாக நாம் போகிறோம். இப்போது நமக்குக் கடவுச்சொல் தெரியும், எந்தப் படியைத் தாண்டிப் போகலாம் என்று தெரியும், எண்ணெய்ப் பீப்பாயைத் தொடமாட்டோம். லூகாஸ் ஏமாந்துபோய்க் கத்துகிறான், நீ ஏமாற்றிவிட்டாய் என்று.

யோசியுங்கள், எல்லா கேமிலும் நாம் செத்துத்தான் கற்றுக்கொள்கிறோம், சேவிலிருந்து மறுபடி தொடங்குகிறோம், கதையில் அது நடக்காததுபோல விட்டுவிடுவார்கள். இங்கே அந்தச் சாவை வேறொரு மனிதனின் சாவாக்கிக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பி.டி.யில் இது இல்லை, அவுட்லாஸ்ட்டில் இல்லை, 4-இலும் இல்லை.

கடைசித்தோட்டா:

அந்த டேப் அருமை, அதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் ஒரு அறை ஒரு தொடரை மாற்றியமைக்காது. அப்படி மாற்றியிருந்தால் அதற்கப்புறம் வந்தவை அந்த வழியில் போயிருக்க வேண்டும் இல்லையா? 2019-இல் 2-இன் ரீமேக், 2020-இல் 3-இன் ரீமேக், 2023-இல் 4-இன் ரீமேக், மூன்றிலும் கேமரா தோளுக்குப் பின்னால். 2021-இல் வந்த வில்லேஜ் ஈதனின் தொடர்ச்சி, ஃபர்ஸ்ட் பெர்சன், சரி. ஆனால் அதிலேயே வியாபாரி திரும்பி வந்துவிட்டார், பெட்டிக்குள் பொருளை அடுக்குவது திரும்பி வந்துவிட்டது, கிராமம், கோட்டை, எல்லாம் 4-இன் வாடை. அடுத்த வருடம் அதற்கே தேர்ட் பெர்சன் பார்வையைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். 7 போட்ட பாதையில் கேப்காமே முழு மனதோடு நடக்கவில்லை.

டைப்ரைட்டர்:

நீங்கள் மறுபடி கேமராவை மட்டும் எண்ணுகிறீர்கள். அந்த ரீமேக்குகள் எல்லாம் கேப்காமின் சொந்த கேம் மென்பொருளான ஆர்இ எஞ்சினில் செய்தவை, அந்த எஞ்சினை முதலில் களத்தில் இறக்கியது 7. அதைவிட முக்கியம் 2-இன் ரீமேக்கின் அமைப்பு. 1998 மூலத்தில் நம்மைத் துரத்தும் ராட்சதன் மிஸ்டர் எக்ஸ் குறிப்பிட்ட இடங்களில்தான் வருவார். ரீமேக்கில் காவல் நிலையம் முழுக்க அவர் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், எந்த மாடியில் இருக்கிறார் என்று காதால் கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு சாவியாகச் சேர்ப்போம். இதை ஜாக் பேக்கர் இரண்டு வருடம் முன்பே பேக்கர் வீட்டில் செய்துவிட்டார். சாவியைத் தேடும் வீடு, அந்த வீட்டுக்குள் உலவும் ஒருவர், அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவைக்க முடியும் என்று கேப்காமுக்கே நிரூபித்துக் காட்டியது 7.

கடைசித்தோட்டா:

1999-இல் 3-ஆம் பாகத்து எதிரி நெமிசிஸ் கதவைத் தாண்டி அடுத்த அறைக்கே துரத்தி வந்தாரே, அவரை எங்கே விட்டீர்கள்? துரத்துகிறவர் இந்தத் தொடருக்குப் புதிதில்லை.

டைப்ரைட்டர்:

விடவில்லை. நெமிசிஸ் வந்தால் சண்டை அல்லது ஓட்டம், போய்விட்டால் போய்விட்டார். ஜாக் இருக்கும்போது நாம் புதிரையும் செய்துகொண்டிருக்கிறோம், அதுதான் வித்தியாசம். மேட்ஹவுஸ் என்ற மிகக் கடினமான நிலையில் விளையாடிப் பாருங்கள், அங்கே ஜாக் வேகமாக வருவார், பொருள்கள் இடம் மாறியிருக்கும், சேவ் செய்ய ஒவ்வொரு தடவையும் ஒரு கேசட்டைச் செலவழிக்கவேண்டும். பழைய பாகங்களில் சேவ் செய்யத் தேவைப்பட்ட டைப்ரைட்டர் மை ரிப்பனை எண்ணி எண்ணி வைத்த காலத்து ஆள்களுக்கு அது என்ன என்று தெரியும்.

ராக்கூன்வாசி:

மேட்ஹவுஸை நானும் முடித்தேன், கேம்பிளேயில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஈதனுக்கு உடம்பில் என்ன நடந்தது, வெட்டிய கால் மருந்து ஊற்றியதும் ஒட்டிக்கொள்வது எப்படி என்பதற்கு விளக்கம் தெரிய வில்லேஜ் வரை நான்கு வருடம் காத்திருக்க வைத்தார்கள். அது வரை எனக்கு அது கேம் சௌகரியத்துக்காகச் செய்த அலட்சியம் என்றே தோன்றியது.

நள்ளிரவுக்காரன்:

அதற்குத்தான் அந்த விளக்கம் அவ்வளவு வேலை செய்தது. வில்லேஜ் முடித்துவிட்டுத் திரும்ப 7-ஐ எடுத்து ஸ்டேப்ளர் காட்சியைப் பாருங்கள், வேறு காட்சியாகத் தெரியும்.

பச்சைமூலிகை:

கடைசித்தோட்டா, வில்லேஜில் 4-இன் வாடை இருப்பது உண்மைதான். ஆனால் அதில் எல்லோரும் பயந்த இடம் எது என்று கேட்டால் கோட்டையையோ தொழிற்சாலையையோ யாரும் சொல்வதில்லை, பெனவியென்டோ வீட்டைத்தான் சொல்கிறார்கள். துப்பாக்கி கையில் இல்லை, ஒரே வீடு, சில அறைகள், ஒரு லிஃப்ட். அது முழுக்க 7-இன் பிள்ளை. கப்பலையும் உப்புச் சுரங்கத்தையும் பற்றி நீங்கள் சொன்னதற்கு நான் வாதாட வரமாட்டேன், அந்தப் பகுதி மெலிவுதான், மோல்டட் இன்னும் இரண்டு வகை இருந்திருக்கலாம். ஆனால் 2012-க்கும் 2017-க்கும் நடுவில் இந்தத் தொடர் எப்படியும் போயிருக்கலாம், இன்னும் பெரிய வெடிப்பு, இன்னும் நான்கு நாயகர்கள் என்று. அதை நிறுத்தி, தெரியாத ஓர் ஆளைத் தெரியாத ஒரு வீட்டுக்குள் விட்டு, ஒரு கோடிப் பேருக்கு மேல் அதை வாங்க வைத்தார்கள். 4-ஆம் பாகத்தை உயரத்தில் வையுங்கள், நானும் வைப்பேன். 7-ஐ அதற்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்பதுதான் என் வழக்கு.

கடைசித்தோட்டா:

பக்கத்தில் வைக்க எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, ஒரு படி கீழே. பேக்கர் வீட்டுப் பகுதியை மட்டும் தனியாக ஒரு கேமாகக் கொடுத்திருந்தால் நாம் இந்தத் திரியில் வேறு மாதிரி பேசியிருப்போம். மேட்ஹவுஸ் இன்னும் தொடவில்லை, இந்த வார இறுதியில் ஆரம்பிக்கிறேன், கப்பல் அங்கேயாவது இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.